முதலில் அணையும் மெழுகுவர்த்தி

"என் பொண்ணு செத்துட்டாங்கறதைக்கூட எப்படியோ முழுங்கிக்கிட்டேன். அவளாவே செத்தான்னு தெருவே பேசுதே, அதைத்தான் முழுங்க முடியல" என்றார் அபு தஹானி.

சொல்லிவிட்டு எங்கள் இருவருக்கும் தேநீர் ஊற்றினார். கை நடுங்கியதில் பாதி தட்டில் விழுந்தது. எங்கள் அரபு மலையூரான ஸல்த்தின் ஜனவரிக் குளிரில் கை நடுங்குவது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த மனிதர் வீட்டுக்குள்ளேயே கோட்டு, கம்பளித் தொப்பி, கழுத்தைச் சுற்றித் துண்டு என்று எங்கோ பயணம் கிளம்பியவரைப் போல உட்கார்ந்திருந்தார். பின்னால் கட்டிலில் ஆட்டுக் கம்பளி அடைத்த வெள்ளை ரஜாய்ப் போர்வை ஒன்று மடித்து வைத்திருந்தது. என் முதலாளி ருதைனா மேடம் தேநீரைப் பார்க்காமல் அந்த ரஜாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் எதைப் பார்க்கிறார் என்று கேட்டால் சொல்ல மாட்டார். கேட்காமல் இருந்தால், "உனக்குக் கண்ணே இல்லையா ஷுக்ரி?" என்று திட்டுவார். துப்பறியும் உதவியாளனாக நான் தலை நரைத்தது இப்படித்தான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க ஹாஜி" என்றார் மேடம்.

முதலிலிருந்து சொல்ல அதிகம் இல்லை. தஹானி அவருக்கு ஒரே பிள்ளை. எங்கள் ஊரில் தகப்பனை மகன் பேரோடு 'அபு' சேர்த்து, இன்னாரின் அப்பா என்று அழைப்பார்கள். மகன் இல்லாத இவர் மகள் பேரையே மார்தட்டிச் சூட்டிக்கொண்டவர். தஹானி மேட்டுப் பள்ளிக்கூடத்தில் சிறுமிகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தாள். தகப்பன் வீட்டுக்குக் கீழ் அறையில் தனியாக இருந்தாள். ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய் வந்தாள். எங்கள் ஊரில் வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பவில்லை. கதவை உடைத்தபோது கேஸ் கணப்பு எரிந்துகொண்டிருந்தது, அவள் விழிக்கவில்லை. கணப்பு விட்ட நச்சுக்காற்று. நிறமில்லை, மணமில்லை, ஆளை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். அரசாங்க டாக்டர் 'விபத்து' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

தெரு வேறு மாதிரி எழுதியது. வந்த தீயணைப்புக்காரன் டார்ச் அடித்துப் பார்த்து, "காத்தோட்ட ஓட்டை அடைச்சிருக்கு" என்று சொல்லியிருக்கிறான். அந்த ஒரு வாக்கியம் போதாதா? குளிர்காலம் வந்தால் வீடு வீடாகப் போய், "ஓட்டையை அடைக்காதீங்க, உயிர் போயிடும்" என்று சொன்னவளே தஹானிதான். தெரியாமல் அடைத்திருப்பாளா? போன மாதம்தானே நிச்சயம் முறிந்தது? முனைக் கடைக்காரர் அபு ரக்கான் சாமான் கட்டிக் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் இதைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

"துக்கத்துக்கு நாற்காலி போட்டேன். வரிசை வரிசையாப் போட்டேன்" என்றார் கிழவர். "காப்பி ஆறிப்போச்சு மகளே. துக்க வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது, தெருதான் சோறு அனுப்பணும். ஒரு வீட்டுலேர்ந்தும் தட்டு வரல. நானே முட்டை பொரிச்சுத் தின்னேன்."

எனக்கு எப்போதும் வாயில் ஒரு நக்கல் தயாராக இருக்கும். தட்டில் சிந்தியிருந்த தேநீரை ஊற்றி அதை அடைத்தேன்.

*

கீழ் அறைச் சாவியைக் கொடுத்தார். அவர் வரவில்லை. அன்றிலிருந்து அந்த வாசலை அவர் மிதிக்கவில்லையாம்.

சின்ன அறை. நடுவில் கணப்பு. தரையோரம் சுவரில் ஓர் ஓட்டை, திறந்தே இருந்தது. கூரையோரம் இன்னொன்று. அதன் முகத்தில் கம்பி வலை, வலைக்குப் பின்னால் ஏதோ நைலான் பளபளத்தது.

"ஏறு" என்றார் மேடம், நாற்காலியைக் காட்டி.

"நாற்காலிக்குக் காப்பீடு இருக்கா மேடம்?"

"ஏறு."

ஏறினேன். வலையை நான்கு திருகாணிகள் பிடித்திருந்தன. சுவருக்கு அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு திருகாணித் தலைகளையும் மூடி, ஒரு கீறல்கூட இல்லாமல் காய்ந்திருந்தது.

"மேடம், இந்த வலையை யாரும் கழட்டல. கழட்டாம உள்ளேர்ந்து ஒரு குண்டூசிகூடச் சொருக முடியாது."

"அப்ப?"

"வெளியிலேர்ந்து யாரோ அடைச்சிருக்காங்க!" என்று கத்தினேன். நாற்காலி முனகியது. "தற்கொலை இல்ல! கேஸ் முடிஞ்சுது, மதியச் சாப்பாட்டுக்குப் போலாம்."

"முடியல. இப்பதான் கொலையா மாறியிருக்கு" என்றார் மேடம்.

இறங்கி வந்தேன். மேசை மேல் ஒரு தட்டு. அதில் இரண்டு மெழுகுவர்த்திகள் உருக்கி ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று நெட்டை, ஒன்று பாதிக்கு வெட்டிய குட்டை. இரண்டின் திரியும் வெள்ளை வெளேரென்று இருந்தது, ஏற்றவே இல்லை. பக்கத்தில் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று துணி மேல் கவிழ்த்திருந்தது. மேடம் அதை எடுத்து என் மூக்கில் வைத்தார்.

"என்ன வாசனை?"

"சோப்பு. அடியில கொஞ்சம்... பூண்டு. மக்தூஸ் ஜாடி! எண்ணெயில ஊறப்போட்ட கத்தரிக்கா." நான் யோசித்தேன். "எங்க வீட்டுல மக்தூஸ் ஜாடி கழுவறதுன்னா என் பொண்டாட்டி தாய் வீட்டுக்குப் போயிடுவா. வெந்நீர், சோப்பு, சாம்பல், அப்பவும் பிசுக்கு போகாது."

"சாகப்போறவ அதைக் கழுவுவாளா?"

"சாகறது அதைவிடச் சுலபம் மேடம்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான நக்கல் என்று உறைத்தது. மேடம் ஜாடியைப் பழையபடி கவிழ்த்து வைத்தார். மெழுகுவர்த்திகளையே பார்த்தார்.

"இது எதுக்குன்னு தெரிஞ்சவங்க மேட்டுப் பள்ளிக்கூடத்துல இருக்காங்க" என்றார்.

*

வகுப்பில் பதிலுக்கு வந்த டீச்சர் எங்களைப் பார்த்ததும் நிம்மதியாக வெளியே போய்விட்டார். பாவம், அவர் பாடு பெரும்பாடு. சிறுமிகள் அவரைப் பாடம் நடத்தவிடவில்லை.

"நெட்டை, குட்டை ரெண்டு மெழுகுவர்த்தி. அது என்ன கதை?" என்று மேடம் கேட்டதுதான் தாமதம், வகுப்பு வெடித்தது.

"மிஸ் கேட்ட கேள்வி அது! ரெண்டையும் ஏத்தி மேல ஜாடியைக் கவுத்தா எது மொதல்ல அணையும்னு!"

"கை தூக்கச் சொன்னாங்க. மிஸ் எதைக் காட்டறதுக்கு முன்னாடியும் எல்லாரும் ஒரு பதில் சொல்லியே ஆகணும். தப்பாச் சொன்னா யாரும் சிரிக்கக் கூடாது."

"அதுக்கு மொத வாரம் ரெண்டு பலூனைக் குழாயால சேர்த்தாங்க. பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு. பெருசுலேர்ந்து சிறுசுக்குக் காத்து போகும்னு சொன்னோம். இல்ல! சிறுசு இருந்த காத்தையும் பெருசுக்குக் குடுத்துட்டுச் சுருங்கிப்போச்சு!"

"எங்க முதலாளிக்கும் எனக்கும் அதே கணக்குதான்" என்றேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெழுகுவர்த்திக்கு என்ன சொன்னீங்க?" என்றார் மேடம்.

"குட்டைதான் மொதல்லன்னு எல்லாரும் சொன்னோம். கெட்ட காத்து கனம், கீழதானே தங்கும்? மிஸ் சிரிச்சாங்க. ஞாயித்துக்கிழமை செஞ்சு பாக்கலாம், அதுவரைக்கும் யோசிங்கன்னாங்க."

"புது டீச்சர் பதில் சொல்ல வந்தாங்க. நாங்க காதைப் பொத்திக்கிட்டோம்" என்றாள் ஒருத்தி.

"ஏன்?"

"மிஸ் சொல்லலையே."

முன்வரிசையில் பல் விழுந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். "நாங்க எல்லாரும் தப்பாச் சொன்னோமே. அதனாலதான் மிஸ் கோவிச்சுக்கிட்டு செத்துட்டாங்களா?"

மேடம் அவள் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இல்ல கண்ணு. உங்க மிஸ் சனிக்கிழமை கடைக்குப் போயி மெழுகுவர்த்தி வாங்கினாங்க. ஜாடியைக் கழுவிக் காயவெச்சாங்க. ஞாயித்துக்கிழமை உங்க மூஞ்சி எப்படிப் போகும்னு பாக்க அவங்களுக்கு ஆசையோ ஆசை. அப்படி ஆசை இருக்கறவங்க தானா சாக மாட்டாங்க."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெளியே வரும்போது ஒரு சிறுமி பின்னாலேயே ஓடி வந்தாள். பேர் லமார். மேடத்தின் காதைப் பிடித்து இழுத்து எதையோ சொன்னாள். "நான் வீட்டுல செஞ்சு பாத்துட்டேன். யாருக்கும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

மேடம் அவளுக்குத் தலையாட்டிவிட்டு ஓட்டமாகக் காருக்கு நடந்தார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "என்ன சொன்னா?"

"நெட்டைதான் மொதல்ல அணையுதாம்."

"சும்மா இருங்க மேடம். வீட்டுல கேஸ் சிலிண்டர் ஒழுகினா தரையில தங்கும், குனிஞ்சு மோந்து பாருன்னு என் அம்மா சொல்லி வளத்தா. கெட்ட காத்து கீழதான்."

"சிலிண்டர் கேஸ் கீழ தங்கும். எரிஞ்சு வர்ற காத்து சூடு. சூடு மேல ஏறி, ஜாடி உச்சியில சேர்ந்து, உயரமா நிக்கறதை மொதல்ல அணைக்குது." மேடம் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். "இந்த ஊர்ல உன்னை மாதிரியேதான் எல்லாரும் நெனைப்பாங்க ஷுக்ரி. கீழ் ஓட்டைதான் உயிரு, மேல் ஓட்டை வெறுமனே சூட்டைக் களவாடற ஓட்டைன்னு."

"அதனால?"

"அதனால மேல் ஓட்டையை அடைச்சவனுக்குக் கொல்ற எண்ணமே இல்லாம இருந்திருக்கலாம். வண்டியை எடு."

*

தஹானியின் அறைச் சுவரை ஒட்டித்தான் தகப்பன் வீட்டுக்குப் படி ஏறுகிறது. உள்ளே கூரையோரம் இருந்த ஓட்டை, வெளியே படியில் நிற்கும் எனக்கு முழங்கால் உயரத்தில் இருந்தது. கையை விட்டேன். ரொட்டிக்கடை நைலான் பை ஒன்று வந்தது. வாயைக் கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே ஆட்டுக் கம்பளி, வெள்ளையாக, பஞ்சு போல.

"காலையில அந்த ரஜாயைப் பார்த்தியா?" என்றார் மேடம்.

"பார்த்தேன். வெள்ளை ரஜாய்."

"ஒரு மூலை தட்டையா இருந்துது. அந்த மூலையைப் பிரிச்சுத் திரும்பத் தெச்சிருந்துது. வெள்ளைத் துணியில கறுப்பு நூல், கோணல் கோணலா. ஊசி பிடிச்சுப் பழகாத ஆம்பளை கை."

அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். வீட்டுக்குள் கோட்டும் தொப்பியுமாக நடுங்கிக்கொண்டிருந்த மனிதர், தன் ரஜாயைக் கிழித்துக் கம்பளியை எடுத்து மகள் அறை ஓட்டையை அடைத்திருக்கிறார்.

"சொல்ல வேணாம் மேடம்" என்றேன். "தற்கொலை இல்லைன்னு மட்டும் சொல்லுவோம். அவர் கேட்டது அதுதானே? குருவி கூடு கட்டி அடைச்சிடுச்சுன்னு சொல்லுவோம். தெருவுக்கும் அதையே சொல்லுவோம். குருவி என்ன வந்து மறுக்கவா போகுது?"

மேடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்று மேலே கிழவரின் கதவை நிமிர்ந்து பார்த்தார்.

"அதை மறை" என்றார் கடைசியில்.

பையைக் கோட்டுக்குள் திணித்தேன். என் வயிற்றுக்கு இன்னொரு பொட்டலம் கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? அதற்குள் அபு தஹானி கையில் சூடான ரொட்டியோடு படியேறி வந்துவிட்டார். எங்களுக்காக வாங்கப் போயிருக்கிறார்.

"அவளா செய்யல ஹாஜி" என்றார் மேடம். "திருகாணி சாட்சி, ஜாடி சாட்சி, வகுப்புல அத்தனை பொண்ணுங்களும் சாட்சி. மேல் ஓட்டையில... குருவிக்கூடு இருந்துது. எடுத்துட்டோம்."

கிழவர் ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். "எனக்குத் தெரியும். என் பொண்ணு என்னை விட்டுட்டுப் போக மாட்டான்னு எனக்குத் தெரியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இதோடு விட்டிருந்தால் நாங்கள் காரில் ஏறிப் போயிருப்போம்.

"ஜாடின்னீங்களே, என்ன ஜாடி?" என்றார்.

"நடத்தறதுக்கு வெச்சிருந்த பாடம்" என்றேன் நான்.

"எனக்குக் காட்டு."

"இருக்கட்டும் ஹாஜி, இன்னொரு நாள்..." என்றார் மேடம் அவசரமாக.

"மகளே, சாப்பிடறப்ப எல்லாம் அவ எதையாவது காட்டி 'என்ன ஆகும் சொல்லுங்கப்பா'ம்பா. நான் 'போடி, சோறு ஆறுது'ம்பேன். ஒரு தடவைகூட நான் நின்னு பாத்ததில்ல. கடைசியா ஒண்ணு வெச்சிட்டுப் போயிருக்கா. அதையுமா பாக்க வேணாங்கறே?"

மேடம் சாவியை அவரிடம் நீட்டினார்.

அவரே கீழ் அறை வாசலை மிதித்தார். அவரே தீக்குச்சி கிழித்து இரண்டையும் ஏற்றினார். அறைக்கு வெளிச்சம் வந்ததும் முகத்திலும் கொஞ்சம் வந்தது.

"எது மொதல்ல அணையும்னு கேட்டாளாக்கும்? இது ஒரு கேள்வியா? குட்டைதான். கெட்ட காத்து கீழ தங்கும். அதனாலதானே கீழ் ஓட்டையை வாரா வாரம் நானே துடைப்பக் குச்சி விட்டுக் குடைஞ்சு சுத்தம் பண்ணுவேன்!"

ஜாடியைக் கவிழ்த்தார். இரண்டு சுடரும் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றன. பிறகு நெட்டையின் சுடர் சுருங்கி, நீலமாகி, புகையாகிப் போனது. குட்டை எரிந்துகொண்டிருந்தது.

"தப்பா ஏத்திட்டேன்" என்றார். ஜாடியை எடுத்துவிட்டு மறுபடியும் ஏற்றினார், மறுபடியும் கவிழ்த்தார். நெட்டைதான் அணைந்தது.

"ஏன்?" என்றார்.

அவர் ஜாடியின் மேல் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். சூடு. கையை எடுக்காமலே நின்றார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கிக் கூரையோரம் பார்த்தார்.

"குருவி ஜனவரிக் குளிர்ல கூடு கட்டாது" என்றார். "என் கம்பளி எங்க?"

நான் கோட்டைத் திறந்து பையைக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, மகள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அழவில்லை.

"அவளுக்கு இருமல். ராத்திரி எல்லாம் மேலே எனக்குக் கேக்கும். சனிக்கிழமை அவ கடைக்குப் போன நேரமாப் பார்த்து அடைச்சேன். கேட்டா வேணாம்னுடுவா, நீங்க குளிர்ல கெடப்பீங்களேன்னு திட்டுவா. தீயணைப்புக்காரன் அடைச்சிருக்குன்னப்பவும் கீழ் ஓட்டையைச் சொல்றான்னே நெனச்சேன். ஊருக்கெல்லாம் ஓட்டையை அடைக்காதீங்கன்னு சொன்னா. எந்த ஓட்டைன்னு நான் ஒருநாளும் கேக்கல."

"ஹாஜி, டாக்டர் விபத்துன்னு எழுதியிருக்கார். அது அப்படியே நிக்கும்" என்றார் மேடம். "இந்தப் பையை ஷுக்ரி கணப்புல போட்டுடுவான். தெருவுக்குக் குருவிக் கதையே போதும்."

"தெரு நம்புமா?"

மேடம் தலை குனிந்தார். ஜனவரியில் குருவிக்கூட்டை அபு ரக்கான் நம்ப மாட்டார். கிழவன் மகள் மானத்தைக் காப்பாற்ற ஆள் வைத்துக் கதை கட்டினான் என்று அதையும் சேர்த்து விற்பார்.

"அப்ப, அவளைப் பேசறதா, என்னைப் பேசறதா, ரெண்டுல ஒண்ணுதான்" என்று கிழவர் எழுந்தார்.

"போக வேணாம். கெஞ்சிக் கேக்கறேன்" என்றேன். வாசலை மறித்து நின்ற என்னை விலக்கிக்கொண்டு இறங்கினார்.

மாலைத் தொழுகை முடிந்து ஆட்கள் சந்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அபு தஹானி தொப்பியில்லாமல், நைலான் பையோடு சந்தின் நடுவில் போய் நின்றார்.

"நில்லுங்க எல்லாரும். என் பொண்ணு அந்த ஓட்டையை அடைக்கல. நான் அடைச்சேன். இதோ, என் ரஜாய்க் கம்பளி. அவளைக் கொன்னது நான்."

சந்து அப்படியே நின்றது. யாரோ ஒரு பெரியவர் வந்து தோளைத் தொட்டார். "விதி அபு தஹானி. அல்லாஹ்வோட நாட்டம். நீ என்ன பண்ணுவே?"

கிழவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "விதின்னு சொல்லாதே! விதின்னு பதில் சொன்னா என் பொண்ணு ஒத்துக்க மாட்டா. உங்க வீட்டுலயும் அதே கணப்புதானே எரியுது? அதே மேல் ஓட்டைதானே? ஏன்னு கேளுங்க. யாராவது கேளுங்களேன்!"

யாரும் கேட்கவில்லை. தரையைப் பார்த்தார்கள். மேடத்தின் விரல்கள் என் முழங்கையை வலிக்க இறுக்கியிருந்தன. கடைசியில் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முனைக் கடை அபு ரக்கான். வாய் உலர்ந்த ஆள் பேசுவதுபோல இருந்தது.

"ஏன் அடைச்சே அபு தஹானி?"

கிழவர் சூட்டைப் பற்றி, ஜாடியைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அபு ரக்கானையே பார்த்தார்.

"அவளுக்குக் குளிருச்சுப்பா" என்றார்.